டெக் ஓடுகிற வரைக்கும்: பழைய வீட்டு வீடியோக்களைக் காப்பாற்றி ஊருக்குக் காட்டுவது எப்படி

அக்காவின் சாமத்தியச் சடங்கு வீடியோவைப் போட்டால் முதலில் வருவது அரவிந்த டி சில்வா. 1996 மார்ச் 17, லாகூர், உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதிப் போட்டி. அன்றைக்கு வீட்டில் வெறுங் கசற் இல்லை. மாமா கையில் அகப்பட்டதைப் போட்டுப் பதிந்துவிட்டார். அக்கா இன்றைக்கும் அதைச் சொல்லி அவரோடு சண்டை பிடிப்பாள். சடங்கு அழிந்தே போய்விட்டது என்று எல்லோரும் கைவிட்ட அந்தக் கசற்றை ஒருநாள் சும்மா கடைசி வரைக்கும் ஓடவிட்டேன். அரவிந்த 107 அடித்தார், கிண்ணம் தூக்கினார்கள், திரை இரைந்தது, ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு எங்கள் வளவு வந்தது. பந்தலுக்குள் வாழையிலை, கிணற்றடியில் அண்டா கழுவுகிற பெண்கள், தோளில் துவாயோடு அப்பா. இருபத்திரண்டு நிமிடம் தப்பியிருந்தது.

அதிலிருந்து மட்டக்களப்புப் பக்கத்தில் பெரியகல்லாறு, களுவாஞ்சிகுடி, குருக்கள்மடம் என்று பக்கத்து ஊர்களில் தெரிந்தவர்களின் கசற்றுகளையும் மாற்றிக் கொடுத்து வருகிறேன். நான் கற்றுத் தேர்ந்தவன் இல்லை. பிழைவிட்டுப் படித்தவன். புதிதாகத் தொடங்குகிற ஒருவர் அதே பிழைகளைத் திரும்ப விடாமலிருக்க இதை எழுதுகிறேன்.

முதலில் தேடுதல்

நம் பக்கத்தில் பழைய வீடியோ கிடைப்பதே பெரிய காரியம். 1978 நவம்பர் சூறாவளியில் அல்பங்கள் போயின. 1990 இல் போருக்குப் பயந்து வீட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடியவர்கள் எத்தனை பேர். எஞ்சியதை 2004 டிசம்பர் 26 சுனாமி கொண்டுபோனது. கல்லடி, நாவலடி, கல்முனை, திருக்கோவில் என்று கரையோரத்தில் ஒரு போட்டோகூட மிஞ்சாத குடும்பங்கள் உண்டு.

ஆனாலும் கலியாண வீடியோ எடுத்த காலத்தில் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு கொப்பி வீட்டுக்கு, ஒன்று மாப்பிள்ளை வீட்டுக்கு, ஒன்று கனடாவிலோ சுவிசிலோ இருக்கிற அண்ணனுக்கு. இங்கே கடலோடு போனது அங்கே ஒரு அலுமாரியில் நன்றாக இருக்கும். அந்த நாடுகளின் உலர்ந்த குளிர் கசற்றுக்கு நல்லது, நம் வாவிக் காற்றும் உப்பும்தான் ஆகாது. அதனால் தேடலை வீட்டு அலுமாரியில் அல்ல, வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்பில் தொடங்குங்கள். ஒரு சிக்கல் மட்டும்: இலங்கையில் வீடியோ பால் (PAL) என்ற முறையில் பதிவது, கனடாவில் என்.டி.எஸ்.சி. (NTSC), பிரான்சில் அந்தக் காலத்தில் செக்காம் (SECAM). கனடாவுக்கென்று மாற்றி அனுப்பிய கசற்றைத் திரும்ப இங்கே கொண்டுவந்து சாதாரண டெக்கில் (கசற்றை ஓட்டும் கருவியில்) போட்டால் படம் கறுப்பு வெள்ளையாகும் அல்லது உருளும். கசற் கெட்டுப்போனதென்று நினைத்து எறிந்துவிடாதீர்கள். பல முறைகளையும் வாசிக்கும் டெக் ஒன்று போதும். அதைவிட லேசான வழி, அங்கே இருப்பவரே மாற்றிக் கோப்பாக அனுப்புவது.

அடுத்ததாக, வீடியோ எடுத்தவரிடம் போங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நம்மிடம் இருப்பது தொகுத்த கொப்பி. தாலி கட்டும்போது ரோசாப்பூ சுற்றும், மேலே சினிமாப் பாட்டு ஓடும். பாட்டுக்குக் கீழே இருந்த பேச்சு, குரவை, நாதஸ்வரம் எல்லாம் அதில் அழிந்திருக்கும். கமராவுக்குள் ஓடிய மூலக் கசற் வீடியோக்காரர் வீட்டுத் தட்டில் கிடந்தால் அதில் அந்தச் சத்தம் அப்படியே இருக்கும். ஒருமுறை அப்படிக் கிடைத்த மூலக் கசற்றில், பெண்ணின் தாய்மாமன் பந்தலுக்குப் பின்னால் நின்று சமையல்காரரோடு உப்பு கூடிவிட்டதென்று வாதாடுவது இரண்டு நிமிடம் பதிந்திருந்தது. அந்த மனிதரின் குரல் வேறெங்கும் இல்லை. அந்த இரண்டு நிமிடத்துக்காக அவர்கள் குடும்பம் என்னைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டது.

கிடைத்ததும் போட்டுப் பார்க்க வேண்டாம்

ஆசை விடாது, தெரியும். ஆனாலும் முதலில் கசற்றை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடி யன்னலுக்குள் நாடாச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். பளபளவென்று கறுப்பாக இருந்தால் சரி. அரிசிமா தூவியது போல வெள்ளையாக, அல்லது சிலந்தி வலை போல இழையாக இருந்தால் அது பூஞ்சணம். அந்தக் கசற்றை டெக்கில் போட்டால் டெக்கின் தலையில் (நாடாவை வாசிக்கும் பகுதியில்) அது ஒட்டி, அடுத்ததாகப் போடுகிற நல்ல கசற்றுக்கும் தொற்றும். மூக்கை மூடிக்கொண்டு வேறாக எடுத்து, சிலிக்கா ஜெல் பைகளோடு ஒரு பெட்டியில் உலர வையுங்கள். வெயிலில் காய வைப்பது, தலைமயிர் உலர்த்தும் கருவியால் ஊதுவது, பூச்சி உருண்டை போடுவது மூன்றும் வேண்டாம். பூஞ்சணம் துடைப்பது பழகிய கைக்குரிய வேலை. தெரிந்தவர் கிடைக்கும்வரை உலர்ந்தபடி இருக்கட்டும்.

நலமான கசற் என்றாலும் மூன்று காரியம் செய்யுங்கள். பின்விளிம்பில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் தட்டை உடைத்துவிடுங்கள், அப்போது யாரும் அதன்மேல் மறுபடி பதிய முடியாது. எங்கள் மாமாவுக்கு இது 1996 இல் தெரிந்திருக்கவில்லை. அடுத்து, ஒட்டியிருக்கும் துண்டையும் உறையையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், மங்கிய பேனை எழுத்து இன்னும் மங்கும். கடைசியாக, குளிரூட்டிய அறையில் இருந்து கொண்டுவந்திருந்தால் ஒரு இரவு சும்மா விடுங்கள். குளிர்ந்த பொருள் நம் புழுக்கத்துக்குள் வந்ததும் மூக்குக் கண்ணாடியில் படர்வது போல ஈரம் படரும். ஈரமான நாடா டெக்கின் உருளையில் ஒட்டிக்கொண்டு அறும்.

எதை முதலில் மாற்றுவது என்று கேட்டால், வீடியோ 8, ஹை 8 போன்ற சின்னக் கமராக் கசற்றுகளை. பெரிய கசற்றுக்குரிய வி.எச்.எஸ். டெக்கையாவது எங்காவது தேடிப் பிடிக்கலாம். சின்னக் கசற்றுக்குப் பெரும்பாலும் அதே வகைக் கமராவே வேண்டும், ஓடுகிற கமரா வருடத்துக்கு வருடம் குறைகிறது.

டெக்

வி.எச்.எஸ். டெக் 1976 இல் வந்தது. கடைசியாகச் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 இல் நிறுத்திக்கொண்டது. இனிப் புதிது கிடையாது. ஊரில் கேட்டால் யாரோ ஒருவர் வீட்டுச் சாய்ப்பில் ஒன்று இருக்கும். ஒரு காலத்தில் டெக்கையும் ரிவியையும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேற்றர் போட்டு, விடிய விடிய மூன்று படம் பார்த்த ஊர் இது. வாடகைக்கு விட்டவர்களின் வீடுகளில் முதலில் கேளுங்கள்.

கிடைத்த டெக்கில் குடும்பக் கசற்றை முதலில் போடக்கூடாது. உதவாத ஒரு சினிமாக் கசற்றைப் போட்டு, ஓட்டி, நிறுத்தி, வெளியே எடுத்துப் பாருங்கள். நாடா கசங்காமல் வந்தால் மட்டுமே அடுத்த படி. நான் முதன்முதல் வாங்கிய டெக் ஒரு அம்மாவின் கலியாணக் கசற்றை வாங்கி நாடாவை இடியாப்பம் மாதிரிச் சுற்றித் துப்பியது. நாலு வினாடி போனது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் எனக்குக் கூட வலித்தது.

படத்தில் வெள்ளைக் கோடு கோடாக வந்தால் பெரும்பாலும் தலை அழுக்கு. மின்சாரத்தைக் கழற்றி, மூடியைத் திறந்து, ஐசோபுரோபைல் அல்ககோல் நனைத்த வெள்ளைத் தாளை, தலை இருக்கும் வெள்ளி நிற உருளையில் அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் உருளையை மெதுவாகச் சுற்றுங்கள். மேலும் கீழுமாகத் தேய்த்தால் தலை உடையும். காது குடையும் பஞ்சுக் குச்சி கூடாது. பிறகும் படம் ஆடினால் முன்பக்கத்து டிராக்கிங் பொத்தானைத் திருகித் திருகி, படம் நிற்கும் இடத்தைப் பிடியுங்கள்.

கணினிக்குள் எடுத்தல்

டெக்கின் பின்னால் மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் இருக்கும். மஞ்சள் படம், மற்ற இரண்டும் ஒலி. பழைய டெக்குகளில் ஒலிக்கு ஒரு துளைதான். அவற்றில் இருந்து வரும் கம்பிகளை யூ.எஸ்.பி. பிடிப்பானில் (படத்தைக் கணினிக்குள் எடுக்கும் சின்னக் கருவி) செருகி, பிடிப்பானைக் கணினியில் செருகினால் பாதை முடிந்தது. இந்தப் பிடிப்பான்கள் மலிவு. மிக மலிவானவற்றில் படமும் குரலும் போகப் போக விலகும், அதனால் வாங்கியதும் ஒரு மணி நேரம் பதிந்து கடைசி நிமிடத்தில் வாயசைவு பொருந்துகிறதா என்று பாருங்கள். மினி டி.வி. (MiniDV) என்ற சின்னக் கமராக் கசற்றுக்கு இந்த வழி வேண்டாம். அது டிஜிட்டலாகவே பதிந்தது, ஃபயர்வயர் கம்பியால் எடுத்தால் ஒரு துளி தரமும் குறையாது. ஒரு மணி நேரம் 13 ஜிபி அளவு பிடிக்கும்.

பதிய ஓ.பி.எஸ். ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருள் போதும். அதில் நான் வைக்கும் அமைப்பு இது: திரை அளவு 768க்கு 576, வினாடிக்கு 50 படம், கோப்பு வகை எம்.கே.வி. இந்தக் கடைசியை மாற்றாதீர்கள். பதிந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனால் சாதாரண எம்.பி.4 கோப்பு முழுதாகச் செத்துவிடும், எம்.கே.வி.யில் அதுவரை பதிந்தது இருக்கும். நம் ஊரில் இது எப்போதாவது நடக்கிற காரியம் இல்லை. முடிந்த பிறகு அதே மென்பொருளில் எம்.பி.4 ஆக்கிக்கொள்ளலாம்.

50 ஏன் என்றால், பழைய வீடியோ ஒரு படத்தை இரண்டு பாதியாகக் காட்டும். ஒற்றைக் கோடுகள் ஒருமுறை, இரட்டைக் கோடுகள் அடுத்த முறை, வினாடிக்கு 25 முழுப்படம், 50 அரைப்படம். கணினித் திரை இரண்டையும் சேர்த்துக் காட்டும்போது அசைகிற கைகளில் சீப்புப் பல் மாதிரி வெட்டு விழும். ஓ.பி.எஸ்.ஸில் பிடிப்பானின் மூலத்தை வலது சொடுக்கி, கோடு பிரிக்கும் (Deinterlacing) இடத்தில் யாடிஃப் 2எக்ஸ் (Yadif 2x) என்பதைத் தெரிவு செய்தால் அது போய்விடும். அப்புறம், அகலத் திரையை நிரப்ப வேண்டுமென்று படத்தை இழுக்காதீர்கள். ஊரே குண்டாகிவிடும்.

மூன்று மணிக் கசற் மூன்று மணி நேரம் எடுக்கும், குறுக்கு வழி இல்லை. பக்கத்தில் இருந்து பாருங்கள். இரைச்சல் வந்தாலும் கடைசி வரைக்கும் ஓடவிடுங்கள், ஏனென்று மேலே சொல்லிவிட்டேன். நல்ல தரத்தில் ஒரு மணி நேரம் ஏறத்தாழ 4 ஜிபி வரும். ஒரு டெராபைட் தட்டில் இருநூறு மணி நேரத்துக்கு மேல் அடங்கும்.

கடையில் கொடுத்து மாற்றலாமா? மாற்றலாம். ஆனால் கசற்றும் திரும்ப வரவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எங்கள் சொந்தக்காரர் ஒருவர் பல வருடத்துக்கு முன் ஒரு கடையில் கொடுத்து டிவிடியாக வாங்கினார். கசற்றை அவர்கள் வைத்துக்கொண்டார்கள், அவரும் கேட்கவில்லை. இன்றைக்கு அந்த டிவிடியை எந்தக் கருவியும் வாசிப்பதில்லை. மாற்றி முடித்தாலும் கசற்றை எறியாதீர்கள். புத்தகம் போல நிறுத்தி, நிலத்துக்கு உயரமாக வையுங்கள்.

கோப்புக்குப் பெயர் ஆண்டில் தொடங்கட்டும்: 1994_களுவாஞ்சிகுடி_சடங்கு என்பது போல. மூன்று கொப்பி, இரண்டு வெவ்வேறு கருவியில், அதில் ஒன்று வேறு ஊரில். கடலுக்கு அரைக் கிலோமீற்றரில் மூன்றையும் வைத்திருப்பது ஒரு கொப்பி வைத்திருப்பதற்குச் சமம். ஒரு தட்டை வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மச்சான் வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன்.

முகங்களுக்குப் பெயர்

கருவி வேலையை யாரும் பழகலாம். படத்தில் இருப்பது யார் என்று சொல்லக்கூடியவர்களோ ஊரில் ஐந்தாறு பேர்தான், அவர்களுக்கும் வயது போகிறது. அதனால் நூறு கசற்றையும் மாற்றிவிட்டுப் பிறகு கேட்கலாம் என்று நினைக்காதீர்கள். ஒன்றை மாற்றியதும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.

போகும்போது போனில் ஒலிப்பதிவைத் தட்டி மேசையில் வைத்துவிட்டு, படத்தை ஓடவிடுங்கள். கேள்வி கேட்க வேண்டாம். எங்கள் தெருவில் எண்பது தாண்டிய பெத்தா (பாட்டி) ஒருவர் இருக்கிறார். கண் மங்கல், திரைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்துதான் பார்ப்பார். கலியாண ஊர்வலம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. "நிப்பாட்டு மனே" என்றார். மணப்பெண்ணை அவர் பார்க்கவில்லை. ஓரத்தில் கிடுகு வேலியும் ஒரு துலாக் கிணறும் ஒரு வினாடி வந்து போனது. அது யார் வளவு, அந்தக் கிணற்றில் யார் யார் தண்ணீர் அள்ளினார்கள், எந்தத் தாய்வழிக் குடியைச் சேர்ந்தவர்கள், அவர்கள் எந்த ஊருக்குப் போனார்கள் என்று இருபது நிமிடம் சொன்னார். முகம் தெரியாத இடத்தில் நடையை வைத்துச் சொன்னார். "இவன் ஒரு கால இழுத்து நடப்பான், பாரு." அந்த ஒலிப்பதிவு இப்போது அந்த வீடியோவோடு ஒரே கோப்புறையில் இருக்கிறது. எந்த நிமிடத்தில் யார் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்ததும் அதே இடத்தில்.

எவருக்கு முதலில் காட்டுவது

இங்கே அவசரப்பட வேண்டாம். மற்ற ஊர்களுக்கு எழுதப்பட்ட குறிப்புகளில் இந்த விஷயம் இருக்காது, நம் ஊருக்கு இதுதான் முக்கியம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எடுத்த கசற்றில் பிறகு இறந்தவர்கள், காணாமல் போனவர்கள், யாருக்கும் சொல்லாமல் வீட்டை விட்டுப் போனவர்கள் இருப்பார்கள். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் ஓடி வருகிற ஒரு பையனின் அம்மா, அவனை முப்பது வருடமாகச் சுவரில் மாலை போட்ட படத்தில் மட்டும் பார்த்திருக்கிறார். அவன் அசைந்து, சிரித்து, வியர்வை துடைப்பதை அவர் முதன்முறை பார்ப்பது நூறு பேருக்கு நடுவில் இருக்கக்கூடாது. முதலில் அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். பார்க்கிறீர்களா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அது பதில்தான். பார்க்கிறேன் என்றால் அந்தத் துண்டை மட்டும் காட்டிவிட்டு, பேசாமல் பக்கத்தில் இருங்கள். ஊருக்குக் காட்டலாமா என்ற கேள்வி அன்றைக்கு வேண்டாம், இன்னொரு நாள் போய்க் கேட்கலாம்.

பெண்கள் பகுதிக்குள் எடுத்த படங்களும் அப்படித்தான். காத்தான்குடி, ஏறாவூர் போன்ற முஸ்லிம் ஊர்களில் ஒரு கலியாண வீட்டுக்குள் சொந்தக்காரருக்கென்று எடுத்தது தெருவில் ஓடுவதற்கு எடுத்ததல்ல. நம் வீட்டுச் சடங்கில் தண்ணீர் வார்க்கும் காட்சிக்கும் இதே கணக்கு. அன்றைக்குப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இன்றைக்கு நாற்பது வயது, அனுமதி அவரிடம்தான் கேட்க வேண்டும், அவருடைய அப்பாவிடம் அல்ல.

படம் போடும் இரவு

வாசிகசாலை, கோயில் மண்டபம், பள்ளிக்கூட முற்றம், எதுவும் சரி. கோயில் என்றால் வண்ணக்கரிடமும் (கோயில் நிருவாகியிடமும்), வேறிடம் என்றால் பொறுப்பானவரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். போயா நாள் நல்லது, லீவு, எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். ஆனால் முழு நிலவு வெளிச்சம் திரையில் விழாத இடமாகப் பாருங்கள். வெள்ளைச் சீலையைச் சுருக்கமில்லாமல் இறுக்கிக் கட்டி, புரொஜெக்டரை வாடகைக்கு எடுத்தால் போதும். ஒலிபெருக்கியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். படம் மங்கினால் சனம் பொறுக்கும், பேச்சு கேட்காவிட்டால் எழுந்து போய்விடும்.

நாற்பது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒரு வீட்டுக் கலியாணத்தில் தொடங்காதீர்கள், மற்றவர்களுக்கு அது அலுக்கும். எல்லோருடைய முகமும் வரக்கூடியது எது? கொக்கட்டிச்சோலைத் தேர், மாமாங்கத் தீர்த்தம், கண்ணகி அம்மன் குளிர்த்தி, ஊர்க் கூத்து அரங்கேற்றம். 2013 இல் புதுப் பாலம் வருவதற்கு முன் பழைய கல்லடிப் பாலத்தில் நெருக்கியடித்துக்கொண்டு போன வாகன வரிசை ஒன்று என்னிடம் இருக்கிறது. கலியாணக் காரில் இருந்து எடுத்தது, பத்து வினாடி. ஒவ்வொரு முறையும் திரும்பப் போடச் சொல்கிறார்கள்.

சனம் சத்தம் போட்டுப் பேசும். விடுங்கள். ஒரு பிள்ளையைக் கொப்பியும் பேனையுமாகப் பின்வரிசையில் இருத்திக் கேட்கிற பெயர்களை எழுதச் சொல்லுங்கள். பிளேன்ரீ கட்டாயம், பலகாரம் முடிந்தால்.

இணையத்தில் போடுதல்

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், நான் கடைசியில் வைத்திருக்கிறேன். குடும்பத்துக்குள் பகிர்வதற்கு இணைப்பு வைத்திருப்பவர் மட்டும் பார்க்கும்படி யூடியூபில் ஏற்றலாம். சினிமாப் பாட்டு மேலே ஓடும் கலியாண வீடியோவில் பாட்டின் உரிமைக்காரர் சார்பில் ஒலியை அடைத்துவிடக்கூடும், மூலக் கசற்றின் தேவை மறுபடி இங்கே தெரியும். வாட்சப்பில் அனுப்புவது பார்ப்பதற்குச் சரி, பாதுகாப்பதற்கு அல்ல. அது படத்தைச் சுருக்கிவிடும். படம் எடுத்தவருக்கும் அதில் உரிமை இருக்கலாம், 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் அதைப் பற்றியது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டு, பெயரையும் போட்டுவிட்டால் மனமும் நோகாது.

கூத்து, சடங்கு, கோயில் விழா போன்ற பொதுப் பெறுமதி உள்ளவை ஒரு வீட்டுத் தட்டோடு நிற்கக்கூடாது. ஈழத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் சேர்த்துவரும் ‘நூலகம்’ என்ற இணையக் காப்பகம், ஒலி ஒளிப் பதிவுகளுக்கும் இடம் வைத்திருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கல்லடி சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கூத்துப் படிப்பவர்களுக்கும் இவை தேவைப்படும். கொடுக்கும்போது பெயர்ப் பட்டியலையும் சேர்த்துக் கொடுங்கள்.

கசற் தந்த வீட்டுக்குக் கசற்றையும் ஒரு பென்ரைவையும் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள், யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம். படம் போட்ட அடுத்த வாரம் உங்கள் படலையைத் தட்டி யாராவது ஒரு சொப்பிங் பையை நீட்டுவார்கள். "எங்கட வீட்டிலயும் ஒண்டு கிடந்தது" என்பார்கள். வாங்கும்போதே, வீட்டில் டெக்கில் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டுவிடுங்கள்.